சுருதி மாற்றியதும் வில் ஏன் காணாமல் போகிறது? கீ ஸ்விட்ச் உள்ள மிடி பகுதிகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

போன ஆடிக்கு முன்னால் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு கூத்து வாத்தியார் அம்மன் பாட்டு ஒன்று பாட எங்கள் அறைக்கு வந்தார். தருமபுரி நாலு ரோட்டிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் ஒரு மாடியில் இருக்கிறது அந்த அறை. விடிய விடியத் திறந்தவெளியில் பாடிப் பழகிய குரல் அவருடையது. இசையைக் கணினியில் மூன்று கட்டைச் சுருதியில் அமைத்து வைத்திருந்தேன். ஒரு வரி பாடிப் பார்த்துவிட்டு, "தம்பி, இன்னொரு கட்டை ஏத்துங்க" என்றார். எல்லா ட்ராக்கையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இரண்டு செமிடோன் மேலே தள்ளினேன் (கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து, கீபோர்டில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு உள்ள தூரம்தான் ஒரு செமிடோன்). பாட ஆரம்பித்தவர் பாதி வரியிலேயே நிறுத்திவிட்டார். "இது நாலரை. நான் கேட்டது நாலு."

ஒரு செமிடோன் இறக்கினேன். இப்போது சுருதி சரி. பல்லவி முடிந்து வயலின்கள் கூட்டமாக வெட்டி வெட்டி வாசிக்கும் இடம் வந்தது. வாத்தியார் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வில்லு எங்க போச்சு? யாரோ கம்பியக் கிள்ளுறாங்களே!"

ஒரே நிமிடத்தில் இரண்டு பிழைகள். ஒன்று கட்டைக் கணக்கு. இன்னொன்று கீ ஸ்விட்ச். இரண்டாவதைத் தேடிக் கண்டுபிடிக்க அன்று எனக்கு ஒரு மணி நேரம் ஆனது; அவ்வளவு நேரமும் அந்தப் பெரியவர் காத்திருந்தார். வேறு யாருடைய பாடகரும் அப்படிக் காத்திருக்கக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். உங்கள் காதில் என்ன கேட்கிறதோ அதை வைத்து, கீழே அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் அடிப்படையான ஒரு விஷயத்தை மட்டும் படித்துவிடுங்கள்.

பாடும் நோட்டு, ஏவும் நோட்டு

மிடி என்பது எந்த நோட்டை எப்போது வாசிக்க வேண்டும் என்று கணினியில் உள்ள வாத்தியத்துக்குச் சொல்லும் மொழி. அதில் ஒவ்வொரு நோட்டும் 0 முதல் 127 வரையிலான ஓர் எண். நடு சி என்பது 60. வயலின் லைப்ரரி (நிஜ வயலின் ஒலிகளைப் பதிந்து செய்த கணினி வாத்தியம்) ஒன்றை எடுத்தால், நிஜ வயலினின் அடிக் கம்பி 55. அதற்குக் கீழே அந்த வாத்தியத்துக்கு ஒலியே கிடையாது. அந்தக் காலி இடத்தைத்தான் லைப்ரரி செய்தவர்கள் கட்டளைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். என் லைப்ரரி ஒன்றில் 24 அழுத்தினால் நீள வில், 25 நோட்டுகளை இணைத்து வாசிக்கும் லெகாட்டோ, 26 வெட்டி வாசிக்கும் ஸ்டக்காட்டோ, 27 விரலால் கிள்ளும் பிட்சிகாட்டோ, 28 நடுக்கமான ட்ரெமோலோ. இந்த நோட்டுகள் காதுக்குக் கேட்காது. அடுத்து வருவதை எப்படி வாசிக்க வேண்டும் என்று மட்டும் ஏவும். கீ ஸ்விட்ச் என்பது இதுதான். கான்டாக்ட் என்ற மென்பொருளில் ஓடும் லைப்ரரிகள் பலவற்றில், திரையில் தெரியும் கீபோர்டில் இந்தக் கட்டைகள் சிவப்பாகவும் வாசிக்கும் கட்டைகள் நீலமாகவும் இருக்கும்.

சிக்கலின் வேர் இதுதான்: மென்பொருளுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 26 என்பது அதன் கணக்கில் மிகத் தாழ்ந்த ஒரு டி, அவ்வளவுதான். 1983-ல் வந்த மிடி தரத்தில் ஒரு நோட்டுக்கு எண், அழுத்தும் வேகம், சேனல் இவைதான் உண்டு. 'இதைக் கிள்ளி வாசி' என்று எழுதிவைக்க இடமில்லை. அதனால் நோட்டையே கட்டளையாக்கிக்கொண்டார்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரு செமிடோன் ஏற்றினால் கட்டளையும் ஒரு செமிடோன் ஏறும். 26 ஆக இருந்தது 27 ஆகும். வெட்டி வாசிக்க வேண்டிய வயலின் கிள்ள ஆரம்பிக்கும். வாத்தியார் கேட்டது அதைத்தான்.

அறிகுறி: சுருதி சரி, வாசிக்கும் விதம் தவறு

அடிக்கடி வருவது இதுதான். நோட்டுகளைக் கட்டங்களாகக் காட்டும் பியானோ ரோலைத் திறந்து கீழே கடைசி வரை உருட்டிப் பாருங்கள். பாட்டு நடக்கும் இடம் திரையின் நடுவில் இருப்பதால் அடியில் கிடக்கும் சின்னச் சின்ன நோட்டுகள் கண்ணில் படாமலே போய்விடும். அந்த நோட்டுகள் எந்த எண்ணில் இருக்கின்றன என்று பார்த்து, லைப்ரரியின் கீ ஸ்விட்ச் எண்களோடு ஒப்பிடுங்கள். எல்லாமே ஒரே அளவு தள்ளி இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

சரிசெய்வது எளிது. அடியில் இருப்பவற்றை மட்டும் மவுஸால் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்து, ஏற்றிய அளவே இறக்கிவிடுங்கள். எஃப்எல் ஸ்டூடியோ, க்யூபேஸ், லாஜிக் ப்ரோ, ரீப்பர் என்று இனி வருபவை எல்லாம் இசை அமைக்கும் மென்பொருள்கள். எஃப்எல் ஸ்டூடியோவில் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு கட்டம் போட்டு, ஷிஃப்ட்டோடு மேல் கீழ் அம்பை அழுத்தினால் ஒரு செமிடோன் நகரும். அங்கே கன்ட்ரோலோடு அம்பை அழுத்தினால் ஒரு ஆக்டேவே போய்விடும், கவனம். க்யூபேஸில் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இடது ஓரத்தில் இருக்கும் கீபோர்டில் ஒரு கட்டையைச் சொடுக்கினால் அந்தப் பகுதியில் அந்த உயரத்தில் உள்ள எல்லா நோட்டும் தேர்வாகும். நீண்ட பாட்டில் இது பெரிய உதவி.

தினமும் இந்த வேலை இருந்தால் கையால் செய்துகொண்டிருக்க வேண்டாம். க்யூபேஸின் லாஜிக்கல் எடிட்டரில் ஒரு விதி எழுதிச் சேமித்துவையுங்கள்: வகை நோட்டாக இருக்க வேண்டும், உயரம் 48-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், அப்படிப்பட்டவற்றோடு 1 கூட்டு. லாஜிக் ப்ரோவில் மிடி ட்ரான்ஸ்ஃபார்ம் விண்டோவில் ட்ரான்ஸ்போசிஷன் என்று தயாராகவே ஒன்று உண்டு. அதிலும் உயரத்துக்கு நிபந்தனை கொடுக்கலாம். ரீப்பரில் இன்னும் சுலபம். அதோடு வரும் ஜேஎஸ் மிடி ட்ரான்ஸ்போஸ் பிளக்கினை வாத்தியத்துக்கு முன்னால் போட்டு, எத்தனை செமிடோன், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று கொடுத்துவிட்டால் போதும். எழுதிய நோட்டு எதுவும் மாறாது, போகும் வழியில்தான் மாறும். பாடகர் மறுபடி கட்டையை மாற்றச் சொன்னால் ஒரு எண்ணைத் திருத்தினால் முடிந்தது.

48 என்று நான் சொன்னது வயலினுக்கு. எல்லை எது என்பது வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும். செல்லோ 36 வரை இறங்கும், டபுள் பாஸ் 28 வரை. பாஸுக்குக் கீழே இடமே இல்லாததால் கீ ஸ்விட்ச்சை மேலே கொண்டுபோய் வைக்கும் லைப்ரரிகளும் உண்டு. அங்கே 'குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே உள்ளதைத் தொடாதே' என்ற விதி தலைகீழாகிவிடும். ஒவ்வொரு லைப்ரரியையும் முதல் முறை திறக்கும்போதே அதன் கீ ஸ்விட்ச் எங்கிருந்து எங்கே வரை என்று ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். என் சுவரில் இப்போது அப்படிப் பதினொன்று இருக்கின்றன.

அறிகுறி: இசை சரியாகத்தான் ஏறியது, ஆனால் பாடகர் "இது இல்லை" என்கிறார்

இது கீ ஸ்விட்ச் பிழை இல்லை. ஆனாலும் அதோடு ஒட்டிக்கொண்டே வருவதால் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் யாரும் 'இரண்டு செமிடோன் இறக்குங்க' என்று கேட்பதில்லை, கட்டையில்தான் கேட்பார்கள். கட்டை என்பது ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைக் கணக்கு. 1 கட்டை சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை கிடையாது, ஏழரையும் கிடையாது. ஏனென்றால் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. ஏழுக்கும் மேல் ஸ்தாயி ஒன்றுக்கும் நடுவிலும் இல்லை.

அதனால் 'ஒரு கட்டை' என்பது எல்லா இடத்திலும் ஒரே தூரம் இல்லை. 1-லிருந்து 2-க்கு இரண்டு செமிடோன். 3-லிருந்து 4-க்கு ஒன்றுதான். கூத்து வாத்தியார் மூன்றிலிருந்து ஒரு கட்டை கேட்டார். நான் வழக்கம்போல இரண்டு தள்ளினேன். அது நாலரையில் போய் நின்றது. எந்த மீட்டரையும் பார்க்காமல் அவர் காதே அதைச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து பாடகரிடம் 'எத்தனை கட்டை ஏத்தணும்' என்று கேட்பதில்லை. 'எந்தக் கட்டைக்குப் போகணும்' என்றுதான் கேட்கிறேன்.

அறிகுறி: சில நோட்டுகள் கேட்கவே இல்லை, அல்லது பாதியிலிருந்து எல்லாம் கலைந்துவிடுகிறது

பெண் குரலுக்கு 5 கட்டையில் அமைத்த பாட்டை, அதையே ஆண் பாடும்போது 1 கட்டைக்கு மாற்றுவது எங்களுக்கு வாடிக்கை. கீழே போனால் 7 செமிடோன், மேலே போனால் 5. பெரும்பாலோர் யோசிக்காமல் கீழே இறக்குவார்கள்.

இறக்கினால் என்ன ஆகும்? வயலினில் 60-ல் இருந்த நோட்டு 53-க்கு வந்துவிடும். வயலினில் 55-க்குக் கீழே ஒலி இல்லை என்று பார்த்தோம், அதனால் அந்த நோட்டு அப்படியே ஊமையாகும். கீ ஸ்விட்ச்சைத் தொடாமல் பாடும் நோட்டை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுத்து இறக்கினாலும் இது நடக்கும்.

செல்லோவில் இதைவிட மோசம். 24 முதல் 35 வரை முழு ஆக்டேவையும் ஏவலுக்கு வைத்திருக்கும் ஒரு செல்லோ லைப்ரரியை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் 38-ல் இருந்த நோட்டை 7 இறக்கினால் 31. இப்போது அது பாடும் நோட்டே இல்லை, கட்டளையாகிவிட்டது. அந்த இடத்தில் ஒலி வராது. அதற்கு அடுத்து வரும் நோட்டெல்லாம் 31 எதை ஏவுகிறதோ அந்த விதத்தில் வாசிக்கும். காணாமல் போனது ஒரே ஒரு நோட்டு, கெட்டது அதற்குப் பின்னால் வரும் சரணம் முழுவதும். 'முதல் பாதி நன்றாக இருக்கிறது, நடுவில் திடீரென்று மாறிவிடுகிறது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் தேடுவது இப்படி எல்லை தாண்டி விழுந்த நோட்டைத்தான்.

தீர்வு, வாத்தியத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. 5 ஏற்றுவதும் 7 இறக்குவதும் ஒரே சுரத்தில்தான் முடியும், ஸ்தாயி மட்டும் வேறு. அடியில் விழுந்துவிடும் வயலினையும் செல்லோவையும் 5 ஏற்றுங்கள். ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் புல்லாங்குழலை 7 இறக்குங்கள், ஆனால் பெரும்பாலான புல்லாங்குழல்களின் அடி 60 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாத்தியத்தில் இரண்டு மூன்று நோட்டு மட்டும் எல்லை தாண்டினால் அவற்றை மட்டும் 12 ஏற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். மெட்டில் பெரிய தாவல் விழுந்தால் அந்த வரியை வேறு வாத்தியத்துக்குக் கொடுப்பதே நல்லது.

அறிகுறி: ராகம் மாற்றினேன், கட்டளைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன

இதைச் சொல்ல எனக்கு ஆர்வம் அதிகம். இதில் மாட்டியவர்களுக்குத் திரும்பிவர எளிதான வழி இருக்காது.

ட்ரான்ஸ்போஸ் என்பது எல்லாவற்றையும் ஒரே அளவு நகர்த்துவது. தவறாகச் செய்தாலும் அதே அளவு திருப்பி நகர்த்தினால் பழைய நிலை வந்துவிடும். ஸ்கேலுக்குள் இழுப்பது அப்படி இல்லை. லாஜிக் ப்ரோவின் பியானோ ரோலில் ஸ்கேல் க்வான்டைஸ் இருக்கிறது, க்யூபேஸில் ஸ்கேல் அசிஸ்டன்ட் இருக்கிறது. ஒரு மெட்டைச் சங்கராபரணத்தில் போட்டுவிட்டு, அதையே மாயாமாளவகௌளையில் கேட்டால் எப்படி இருக்கும் என்று இவற்றைத் தட்டிப் பார்க்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

1 கட்டையில் மாயாமாளவகௌளையின் சுரங்கள் சி, சி ஷார்ப், இ, எஃப், ஜி, ஜி ஷார்ப், பி. இந்த ஏழுக்குள் இல்லாத நோட்டு பக்கத்தில் இருப்பதற்கு இழுக்கப்படும். பாட்டில் சதுச்ருதி ரிஷபம் சுத்த ரிஷபமாகும், அதைத்தான் நாம் கேட்டோம். ஆனால் அடியில் இருக்கும் ஐந்து கட்டளைகளைப் பாருங்கள். 24 அப்படியே நிற்கும். 25-ம் நிற்கும். 26 என்பது டி, ராகத்தில் இல்லை, பக்கத்தில் உள்ள 25-க்குப் போய்விடும். 27-ம் ராகத்தில் இல்லை, 28-க்குப் போகும். 28 அங்கேயே இருக்கும். ஐந்து கட்டளை மூன்றாகச் சுருங்கிவிட்டது. இப்போது 25-ல் நிற்கும் நோட்டுகளில் எது பிறவியிலேயே லெகாட்டோ, எது ஸ்டக்காட்டோவாக இருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எண் போனதோடு தகவலும் போய்விட்டது.

உடனே கவனித்தால் அன்டூ போதும். கோப்பைச் சேமித்து மூடிய பிறகு கவனித்தால், பழைய பதிப்பைத் திறந்து அதிலிருந்து கட்டளை நோட்டுகளை மட்டும் நகலெடுத்து வந்து ஒட்ட வேண்டும். பழைய பதிப்பும் இல்லை என்றால் ஒவ்வொரு வரியாகக் கேட்டு மறுபடி எழுதுவதுதான். ஆகவே ராகம் மாற்றுவதற்கு முன் பகுதியை ஒரு நகல் எடுத்து ம்யூட் செய்து வைத்துவிடுங்கள்.

அறிகுறி: முதலிலிருந்து ஓட்டினால் சரி, நடுவிலிருந்து ஓட்டினால் தவறு

கீ ஸ்விட்ச் ஒருமுறை தட்டினால் அடுத்த கட்டளை வரும் வரை நிலைக்கும்படிதான் பல லைப்ரரிகள் இருக்கின்றன. நீங்கள் சரணத்தின் நடுவிலிருந்து ஓட்டினால் அதற்கு முன்னால் இருந்த கட்டளை நோட்டை மென்பொருள் தாண்டி வந்துவிட்டது, வாத்தியம் கடைசியாக எந்த நிலையில் நின்றதோ அதிலேயே வாசிக்கும். சுருதி மாற்றிய பிறகு ஒரு இடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்து, 'இன்னும் சரியாகவில்லை' என்று திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். திருத்தம் எப்போதோ முடிந்திருக்கும். கட்டளைக்கு ஒரு பார் முன்னாலிருந்து ஓட்டிக் கேட்ட பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நிரந்தரமாகச் சரிசெய்ய, கட்டளை நோட்டை அந்தப் பகுதி முடியும் வரை நீட்டிவிடுங்கள். பிறகு மென்பொருளின் சேஸ் அமைப்பில் நோட்டு என்பது இயங்குகிறதா என்று பாருங்கள். க்யூபேஸ், லாஜிக், ரீப்பர், ஏபிள்டன் லைவ் எல்லாவற்றிலும் இது உண்டு. நடுவில் ஓட்டினாலும், அங்கே ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்க வேண்டிய நோட்டை அது மறுபடி அனுப்பும்.

அறிகுறி: ஒவ்வொரு வரியிலும் முதல் நோட்டு மட்டும் பழைய விதத்தில் வாசிக்கிறது

கட்டளை, பாட்டு நோட்டுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். இரண்டும் ஒரே புள்ளியில் இருந்தால் எது முதலில் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சுருதி மாற்றும்போது 'எல்லாவற்றையும்' தேர்ந்தெடுத்த கையோடு, நோட்டுகளைத் தாளக் கோட்டுக்கு இழுக்கும் க்வான்டைஸும் அழுத்தியிருப்பீர்கள். முன்னால் இருந்த கட்டளை நோட்டு கோட்டுக்கு வந்து ஒட்டியிருக்கும். கட்டளைகளை மட்டும் தேர்ந்தெடுத்து 10, 20 டிக் முன்னால் இழுங்கள். ஒரு பீட்டை 480 டிக்காகப் பிரிக்கும் கணக்கில், நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில், ஒரு டிக் ஒரு மில்லி செகண்டை விடச் சற்றே அதிகம். எஃப்எல் ஸ்டூடியோவின் வழக்கமான 96 கணக்கில் ஒரு டிக் ஐந்து மில்லி செகண்டுக்கு மேல், அங்கே மூன்று நான்கு போதும்.

ஆனால் இப்படி முன்னால் இழுத்த கட்டளைக்கு இன்னொரு ஆபத்து உண்டு. சரணத்தைப் பாரின் கோட்டில் வெட்டி வேறு இடத்தில் ஒட்டினால், கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கும் கட்டளை வெட்டுக்கு அந்தப் பக்கமே தங்கிவிடும். இரண்டாம் சரணம் மட்டும் தவறாக வாசித்தால் இதைத்தான் பாருங்கள். வெட்டும்போது ஒரு கால் பீட் முன்னாலிருந்தே வெட்டுங்கள்.

அறிகுறி: கையேட்டில் சி0 என்று இருக்கிறது, அந்தக் கட்டையில் எதுவும் நடக்கவில்லை

ஒரே கட்டைக்கு ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. 60 என்ற எண் கான்டாக்டிலும் க்யூபேஸிலும் சி3. ரீப்பரில் சி4. எஃப்எல் ஸ்டூடியோவில் சி5. அப்படியானால் கையேடு சி0 என்று சொல்லும் 24, ரீப்பரில் சி1 ஆகவும் எஃப்எல்லில் சி2 ஆகவும் தெரியும். ஓசூரிலிருந்து ஒரு நண்பர் எஃப்எல்லில் செய்த பாட்டை அனுப்பி, கீ ஸ்விட்ச் சி2-ல் இருக்கிறது என்று சொன்னார். நான் க்யூபேஸில் சி2-ஐத் தேடினேன், அது 48. அங்கே ஒன்றும் இல்லை. அரை நாள் போனது. எண்ணாகச் சொல்லியிருந்தால் அரை நிமிடம். இந்தக் கட்டுரை முழுக்க நான் எழுத்தைக் குறைத்து எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

அறிகுறி: பதிவு செய்யும்போதே தவறான கட்டளை விழுகிறது

எங்கள் பக்கத்து கீபோர்டு கலைஞர்கள் பலர் மேடையில் எந்தச் சுருதியாக இருந்தாலும் விரலைப் பழகிய இடத்திலேயே வைத்துக்கொண்டு, கீபோர்டின் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை மாற்றி வாசிப்பார்கள். கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணக் கச்சேரியை முடித்துவிட்டு அப்படியே பதிவுக்கு வந்தார் ஒருவர். பொத்தான் மைனஸ் 2-லேயே இருந்தது. பல கீபோர்டுகளில் அந்த மாற்றம் மிடி வழியாகவும் வெளியே போகும். அவர் 26 அழுத்தினால் கணினிக்கு வந்தது 24. "அண்ணா, உங்க வயலின் நான் சொல்றத கேக்க மாட்டேங்குது" என்றார். பொத்தானைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்ததும் வயலின் கேட்டது. பதிவுக்கு முன் அந்தச் சின்னத் திரையை ஒரு பார்வை பாருங்கள், ஆக்டேவ் பொத்தானையும் சேர்த்து.

அறிகுறி: நோட்டுகள் சரியான இடத்தில் இருக்கின்றன, கேட்பது மட்டும் தவறு

பியானோ ரோலில் கட்டளை 26-ல்தான் இருக்கிறது. ஆனாலும் கிள்ளுகிறது. அப்படியானால் மாற்றம் பகுதிக்குள் நடக்கவில்லை, வெளியே நடக்கிறது. லாஜிக்கில் ரீஜியனுக்கும் ட்ராக்குக்கும் தனித்தனியாக ட்ரான்ஸ்போஸ் உண்டு. க்யூபேஸில் ட்ராக்கின் இன்ஸ்பெக்டரில் மிடி மாடிஃபையர்கள் உண்டு. இவை நோட்டைத் திரையில் மாற்றாமல் போகும்போது மாற்றுபவை. எழுதியதையும் மாற்றி, இங்கேயும் எண் கொடுத்து, இரண்டு முறை ஏற்றிவிட்டோமா என்பதையும் பாருங்கள்.

இங்கேதான் நான் இப்போது எல்லாப் பாட்டிலும் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்ல வேண்டும். கட்டளைகளைத் தனி ட்ராக்கில் வைக்கிறேன். ஒரே வயலின் வாத்தியத்துக்கு இரண்டு மிடி ட்ராக்குகள், ஒரே சேனல். ஒன்றில் பாடும் நோட்டு, இன்னொன்றில் ஏவும் நோட்டு. சுருதி மாற்றச் சொன்னால் முதல் ட்ராக்கில் மட்டும் கை வைக்கிறேன். லாஜிக்கில் ஏவல் ட்ராக்குக்கு 'நோ ட்ரான்ஸ்போஸ்' என்பதையும் போட்டுவிடலாம். இரண்டு ட்ராக்கும் ஒரே புள்ளியில் மோதாமல் ஏவல் ட்ராக் முழுவதையும் சில டிக் முன்னால் நகர்த்திவைப்பது மட்டும் அவசியம். பழைய பாட்டுகளைக்கூட இப்படிப் பிரிக்க ஐந்து நிமிடம்தான்: கட்டளைகளைத் தேர்ந்தெடு, வெட்டு, புது ட்ராக்கில் அதே இடத்தில் ஒட்டு.

க்யூபேஸ் வைத்திருப்பவர்கள் எக்ஸ்பிரஷன் மேப், லாஜிக் வைத்திருப்பவர்கள் ஆர்ட்டிகுலேஷன் செட், ரீப்பரில் இலவசமாகக் கிடைக்கும் ரீட்டிகுலேட் என்று போகலாம். இவற்றில் கட்டளை நோட்டாகவே எழுதப்படுவதில்லை, அதனால் எத்தனை கட்டை ஏற்றினாலும் அசையாது. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வேலைக்கு இதுதான் சரி. ஆனால் மேப் போட்ட பிறகு பகுதிக்குள் பழைய கட்டளை நோட்டுகளை விட்டுவைத்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஏவுவது போலாகும், அவற்றை அழித்துவிடுங்கள். லாஜிக்கின் ஆர்ட்டிகுலேஷன் அடையாளம் வெறும் மிடி கோப்பாக அனுப்பும்போது கூடவே வராது. வேறு மென்பொருள் வைத்திருக்கும் நண்பர்களோடு கோப்புகளைப் பரிமாறிக்கொள்வதால் நான் தனி ட்ராக்கிலேயே நிற்கிறேன்.

அறிகுறி: சுருதி ஏற்றியதும் தாளம் கெட்டுவிட்டது

டிரம்ஸையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். ஜெனரல் மிடி வரிசையில் 36 கிக், 37 சைடு ஸ்டிக், 38 ஸ்னேர். இரண்டு செமிடோன் ஏற்றினால் ஒவ்வொரு கிக்கும் ஸ்னேராகிவிடும். தவில், பம்பை, உடுக்கை மாதிரிகளிலும் இதே கதைதான். அங்கே ஒவ்வொரு கட்டையும் ஒரு சொல். தாள ட்ராக்குகளைத் தனி ஃபோல்டரில் வைத்துப் பூட்டிவிடுங்கள். சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டும், ஒலி அளவு போன்றவற்றை மாற்றும் சிசி தகவல்களும் ட்ரான்ஸ்போஸில் நகராது, அதனால் கமகம் எழுதியவர்கள் பயப்பட வேண்டாம்.

கூத்து வாத்தியார் இந்த மாசியில் மறுபடி வந்தார், அதே பாட்டுக்கு இன்னொரு சரணம் சேர்க்க. திரையில் வயலின் ட்ராக்கின் பெயர் 'வயலின் – 4 கட்டை', அதற்குக் கீழே 'வயலின் ஏவல் 24–28 – தொடாதே'. பாடிப் பார்த்துவிட்டு, "இன்னும் அரைக் கட்டை" என்றார். மேல் ட்ராக்கை ஒரு செமிடோன் ஏற்றினேன். அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை.